க்ளாம்ப் போட்ட இடத்தில் மட்டும் சூடு குறைகிறதா?

அனலைசருக்கு (மாதிரியில் என்ன இருக்கிறது என்று அளக்கும் கருவி) மாதிரியைக் கொண்டுபோகும், கேபிளால் சூடாக்கப்படும் சாம்பிள் லைனில் க்ளாம்ப் போட்ட இடங்களில் மட்டும் சூடு இறங்குகிறது, ஹீட்டிங் கேபிள் போய்விட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கேபிளைக் கழற்றும் முன் க்ளாம்பைப் பாருங்கள். வெளி உறையில் பள்ளம் விழுந்திருந்தால் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை நசுங்கி, அது பிடித்து வைத்திருந்த காற்று போய்விட்டது, அப்புறம் சூடு அந்த வழியாக வெளியே ஓடத்தான் செய்யும். அகலமான பட்டை க்ளாம்பாக மாற்றி, பண்டில் (குழாய், கேபிள், இழை எல்லாம் ஒரே உறைக்குள் இருக்கும் கட்டு) நழுவாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். தொய்ந்துவிடும் என்று பயந்துதானே எல்லாரும் ஸ்பேனரைப் போட்டு முறுக்குகிறோம், அதற்குப் பதிலாக லைனுக்கு அடியில் தாங்கலாக இரும்பு ஆங்கிளோ கேபிள் டிரேயோ கொடுத்தால் சரி. வெட்டிய முனைகளில் சீல் இருக்கிறதா? திறந்து கிடந்தால் ஈரம் இழை வழியாக ஏறிக்கொண்டே போகும். மெகர் (இன்சுலேஷனின் மின்தடையை அளக்கும் கருவி) வைத்து கேபிளைப் பார்த்து 20 மெகாஓமுக்குக் கீழே காட்டினால், அப்போது கேபிளைச் சந்தேகப்படலாம்.