வன்னிமை எந்த அரசனுக்குக் கீழ்?

கேள்வி: பழைய திருகோணமலையை ஒரு வரைபடம் கண்டி இராச்சியத்தோடு சேர்க்கிறது, இன்னொன்று யாழ்ப்பாணத்தோடு சேர்க்கிறது. எது சரி? (வாசகர், தம்பலகாமம்)

பதில்: இரண்டிலும் பிழை எல்லைக்கோட்டில்தான். கோட்டுக்குள் எங்கும் ஒரே சட்டம், ஒரே அதிகாரம் என்ற ஒழுங்கு இங்கே உறுதிப்பட்டது 1833இல். பிரித்தானிய அரசு அனுப்பிய கோல்புறூக் ஆணைக்குழுவின் சிபாரிசுகளையடுத்துத் தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாகக் கொழும்பின்கீழ் வந்தது.

அதற்கு முந்திய ஒழுங்கை விளக்க, இலங்கையில் பிறந்த மானிடவியலாளர் ஸ்டான்லி தம்பையா 1976இல் முன்வைத்த கருத்து உதவும். அவர் ஆராய்ந்தது தாய்லாந்தை. நடுவில் பேரரசன், சுற்றிலும் சிற்றரசுகள். ஒவ்வொன்றும் நடுவைப் பார்த்துத் தனக்கொரு சபையும் படையும் வைத்திருக்கும். தூரம் கூடக்கூடப் பிடி தளரும். நடு பலவீனப்பட்டால் திறை வேறு பக்கம் போகும்.

எங்கள் வன்னிமைகளும், அதாவது வன்னியர் என்ற சிற்றரசர்கள் ஆண்ட பகுதிகளும், ஏறக்குறைய அப்படித்தான். 16ஆம் நூற்றாண்டின் நடுவில் திருகோணமலையில் எழுந்த வாரிசுத் தகராறில் தலையிட்டவன் யாழ்ப்பாணத்து அரசன் சங்கிலி. 1619இல் யாழ்ப்பாணம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது. அடுத்த ஆண்டே டேனியருடன் திருகோணமலை பற்றி உடன்படிக்கை செய்தவன் கண்டி அரசன் செனரத். 1660இல் கொட்டியாரத்தில் ஆங்கிலேயக் கடலோடி ரொபட் நொக்ஸைப் பிடித்ததும் கண்டி ஆட்கள்.

திருகோணமலைக் கோணேசர் கோயிலைப் பற்றிய 'கோணேசர் கல்வெட்டு' என்ற நூல் காட்டும் ஒழுங்கு வேறு. அதில் நடு, கோயில். கோயில் தொழும்புக் குழுவினரான தானத்தாருக்கும் வரிப்பத்தாருக்கும் பிணக்கு வந்தால் தீர்க்க, கோயிலைத் திருப்பணி செய்தவனாகச் சொல்லப்படும் மன்னன் குளக்கோட்டன் மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலனை அழைத்து வன்னிபமாக (வன்னித் தலைவனாக) அமர்த்தினான் என்கிறது. நூல் பிற்காலத்தது. நடந்ததற்குச் சாட்சியாக அதை எடுக்க வேண்டாம். ஆனால் எது முறையென்று இவ்வூரார் கருதினார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

ஆகவே திறை யாருக்கு, பட்டம் கொடுத்தது யார், வழக்குத் தீர்த்தது யார், துறைமுகத் தீர்வை யார் கைக்குப் போனது என்று தனித்தனியே கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் ஆண்டைக் குறியுங்கள். நாலுக்கும் ஒரே பெயர் வரவேண்டுமென்று எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பிய ஆவணங்களில் கூடுதல் கவனம் தேவை: ஒப்பமிட ஒரு 'அரசன்' அவர்களுக்கு வேண்டியிருந்தது.

கேள்வி: அப்படியானால் சமஷ்டி கேட்கத் தம்பையாவை ஆதாரம் காட்டலாமா? (வாசகி, மூதூர்)

பதில்: வேண்டாம். வன்னியனின் சுதந்திரம் நடுவின் பலவீனத்தில் கிடைத்தது, எழுதிய உரிமையன்று. சமஷ்டிக்கு எழுதிய அதிகாரப் பங்கீடும் அதைக் காக்கும் நீதிமன்றமும் வேண்டும். 1987இன் 13ஆம் திருத்தம் மாகாணசபை நிரல், ஒதுக்கிய நிரல் (மத்திக்கு உரியது), ஒருங்கிய நிரல் (இரண்டுக்கும் பொதுவானது) என அதிகாரங்களைப் பிரித்தது, ஆனால் அரசியலமைப்பின் 2ஆம் உறுப்புரை சொல்லும் ஒற்றையாட்சிக்குள்ளேயே. வாதத்தை அந்த மூன்று நிரல்களிலிருந்து தொடங்குங்கள்.