மல்லிச்செடி வாடுது, குழாய்த் தண்ணி ஊத்தக் கூடாதாம் - பதில்

அக்கா, செடிக்கும் வாசல் கழுவவும் குழாய்த் தண்ணி கூடாதுன்னு உங்க தண்டையார்பேட்டை குடியிருப்புல முடிவு பண்ணதால மாடியில மல்லியும் கறிவேப்பிலையும் வாடுதுன்னு எழுதியிருந்தீங்க. தயவுசெஞ்சு மீறாதீங்க. 2019ல சென்னைக்குக் குடிதண்ணி தர்ற புழல் ஏரி வறண்டப்ப குடத்தோட தண்ணி லாரிக்கு நின்னவன் நான்.

அரிசி, பருப்பு கழுவின தண்ணியே நாலஞ்சு தொட்டிக்கு வரும். ஏசியில சொட்டுறதையும் பக்கெட்ல பிடிங்க. தண்ணியைச் சுத்தம் பண்ற ஆர்ஓ மெஷினோட கழிவுத் தண்ணி மட்டும் தினமும் ஊத்தாதீங்க. உப்பு மண்ணுல தங்கி வேரைக் கெடுக்கும். நம்ம கடலோரப் பக்கம் உப்புக் கரிக்கிற போர் தண்ணியும் அப்படித்தான். தொட்டி மண்ணு மேல தேங்காய் நாரோ காஞ்ச இலையோ கனமா போடுங்க, வெயில் சாஞ்சப்புறம் வேர்ல ஊத்துங்க. வாசலைப் பெருக்கிட்டு, கோலம் போடுற இடத்துல மட்டும் துணி அலசின தண்ணியைத் தெளிங்க.

கறிவேப்பிலை இலை கொட்டினாலும் பிடுங்கிடாதீங்க அக்கா. நுனிக்கிளையை வெட்டிவிட்டுப் பாருங்க, தண்டு பச்சையா இருந்தா துளிர்க்கும்.