பெயரை மறைத்தும் ஸ்கேனில் நோயாளி யாரென்று தெரிந்தது எப்படி?

திரையில் தெரிந்த பெயரை மட்டும் மறைத்திருக்கிறீர்கள், கோப்புக்குள் இருந்த பெயர் அப்படியே போயிருக்கிறது. கற்பித்தலுக்காகக் குழுவில் பகிர்ந்த தலை சிடி ஸ்கேனைப் பார்த்து ஒருவர் நோயாளியின் பெயரைச் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். டைகாம் (மருத்துவப் படங்களுக்கான கோப்பு வடிவம்) கோப்பாக அனுப்பியிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அனுப்பிய அதே கோப்பை டைகாம் வியூவரில் திறந்து ஹெடரை, அதாவது படத்தோடு சேர்ந்திருக்கும் விவரப் பகுதியைப் பாருங்கள். அதில் ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு: (0010,0010) பெயர், (0010,0020) நோயாளி எண், (0010,0030) பிறந்த தேதி. இவை காலியாக இருந்தாலும் நிம்மதி அடைய வேண்டாம். பரிசோதனைத் தேதியும் மருத்துவமனைப் பெயரும் சேர்ந்தாலே தெரிந்தவருக்குப் போதும். அல்ட்ராசவுண்டில் பெரும்பாலும் பெயர் படத்திலேயே பதிந்திருக்கும், ஹெடரைத் துடைத்தாலும் அது போகாது.

தலை ஸ்கேனில் கூடுதல் ஆபத்து உண்டு. மெல்லிய ஸ்லைஸ்கள் (குறுக்குவெட்டுப் படங்கள்) முழுவதும் கிடைத்தால் முப்பரிமாணத்தில் முகத்தையே உருவாக்கிவிடலாம். அதனால் கற்பிக்கத் தேவையான ஓரிரு ஸ்லைஸ்களை மட்டும் சாதாரணப் படமாக மாற்றிக் கொடுங்கள்.

சிகிச்சைக்குத் தந்த சம்மதம் பகிர்வதற்கான சம்மதம் ஆகாது. அதைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

பதிவைச் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு இருந்துவிடாதீர்கள், தயவுசெய்து. துறைத் தலைவருக்கும் தரவுப் பாதுகாப்புப் பொறுப்பாளருக்கும் இன்றே எழுத்தில் தெரிவியுங்கள். அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டிய கெடு நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஜிடிபிஆர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, மீறல் தெரிந்ததிலிருந்து மேற்பார்வை ஆணையத்துக்குச் சொல்ல 72 மணி நேரம்தான்.