38,000 ஃபாலோயர்கள், 14,200 டாலர் கடன்

கேள்வி: டொராண்டோவுக்கு வந்து நான்கு வருடமாகிறது. மணப்பெண் மேக்கப் செய்கிறேன். இன்ஸ்டாகிராமில் 38,000 பேர் பின்தொடர்கிறார்கள். ரீல்ஸ் பூஸ்ட்டுக்கும் (என் குறும்வீடியோக்களைக் காசு கொடுத்து அதிகம் பேருக்குக் காட்டுவது) வீடியோ எடுப்பவருக்குமாக மாதம் 900 டாலர் கிரெடிட் கார்டில் போகிறது. நான் கட்டுவது 500. பாக்கி 14,200, வட்டி 20.99%. கடந்த 12 மாதத்தில் 41 கல்யாணம், சராசரியாக 800 டாலர். பூஸ்ட் பார்த்து வந்தவர்கள் 7 பேர், மீதிப் பேர் தெரிந்தவர்கள் சொல்லிக் கேட்டு வந்தவர்கள். இப்போது ஒரு பர்சனல் பிராண்டிங் கோச் 4,200 டாலர் பயிற்சிக்கு அழைக்கிறார், மாதம் 350 வீதம் 12 தவணை. சேரலாமா?

பதில்: வேண்டாம். கோச்சை விடுங்கள், உங்கள் பணத்தைத் தின்பது அந்த 900 டாலர். வருடத்துக்கு 10,800. ஏழு பேரால் வகுத்தால் ஒரு மணப்பெண்ணைப் பிடிக்க சுமார் 1,540 டாலர். அவர் தருவதோ 800, அதிலும் பொருள் செலவும் பெட்ரோலும் கழிய வேண்டும். ‘விளம்பரச் செலவை வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம்’ என்று யாராவது சொல்லியிருப்பார்கள். கழிக்கலாம்தான். ஆனால் திரும்புவது வரியின் பங்கு மட்டும். பெரும்பகுதி போனது போனதுதான்.

கார்டுக்கு வாருங்கள். 14,200-க்கு மாத வட்டி சுமார் 250. நீங்கள் கட்டும் 500-இல் பாதி அதற்கே சரி. மேலே 900 ஏறுவதால் கடன் மாதம் 650 வளர்கிறது. பாக்கி வைத்திருப்பவருக்கு 21 நாள் வட்டியில்லாச் சலுகையும் கிடையாது; பூஸ்ட் அழுத்திய நாளிலிருந்தே வட்டி ஓடும். 900-ஐ நிறுத்திவிட்டு அதே 500-ஐக் கட்டினால் தீர 40 மாதம். கோச்சுக்குத் தரத் துணிந்த 350-ஐயும் சேர்த்து 850 கட்டினால் 20 மாதம். குறைந்த வட்டியில் லைன் ஆஃப் கிரெடிட் (வங்கி தரும், வேண்டியபோது எடுக்கக்கூடிய கடன் வரம்பு) கிடைத்தால் கார்டு கடனை அதற்கு மாற்றலாம். ஆனால் அதற்கு முன் விளம்பரக் கணக்கிலிருந்து இந்தக் கார்டை நீக்கிவிடுங்கள். இல்லையென்றால் காலியான கார்டு மறுபடி நிரம்பும், கடன் இரண்டாகும்.

விளம்பரமே கூடாது என்று சொல்லவில்லை. இன்ஸ்டாகிராமின் புள்ளிவிவரப் பக்கமான இன்சைட்ஸில் உங்கள் ஃபாலோயர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்று பாருங்கள். தமிழ் மணப்பெண் ரீலுக்குச் சென்னையிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் இதயக்குறி குவியும். அவர்கள் யாரும் டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதி மண்டபத்துக்கு உங்களை அழைக்கப் போவதில்லை. பூஸ்ட் பொத்தானில் ‘புரொஃபைல் விசிட்’ இலக்கைத் தேர்ந்தெடுத்தால் வேடிக்கை பார்ப்பவர்கள்தான் வருவார்கள். அதற்குப் பதில் விளம்பரங்களை அமைக்கும் ஆட்ஸ் மேனேஜரில் ‘மெசேஜ்’ இலக்கு, டொராண்டோவைச் சுற்றி 40 கிலோமீட்டர், மாதம் 150 டாலர் உச்சவரம்பு, டெபிட் கார்டில். இந்த 150 கல்யாண முன்பணத்திலிருந்து வரட்டும், கடன் தவணையில் கை வைக்காதீர்கள். விசாரிப்பவர் ஒவ்வொருவரிடமும் ‘எங்கே பார்த்தீர்கள்?’ என்று கேட்டு எழுதி வையுங்கள். மூன்று மாதத்தில் இரண்டு புக்கிங்காவது வராவிட்டால் அதையும் நிறுத்துங்கள். வீடியோகிராஃபர் இப்போதைக்கு வேண்டாம், போன் போதும்.

நீங்கள் கேட்காத ஒன்று. 41 × 800 = 32,800. அடுத்தடுத்த நான்கு காலாண்டுகளில் வரவு 30,000 டாலரைத் தாண்டினால் ஹெச்எஸ்டி (விற்பனை வரி) பதிவு கட்டாயம், ஒன்டாரியோவில் 13%. வாடிக்கையாளரிடம் வசூலிக்க மறந்தாலும் கனடா வருவாய் முகமைக்குக் கட்ட வேண்டியவர் நீங்கள்தான். எந்தக் காலாண்டில் வரம்பைத் தாண்டினீர்கள் என்று ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி இந்த வாரமே கணக்காளரிடம் காட்டுங்கள். பதிவுக்குப் பின் வாங்கும் மேக்கப் பொருளுக்கும் விளம்பரத்துக்கும் கொடுத்த ஹெச்எஸ்டியைத் திரும்பக் கோரலாம், ரசீது இருந்தால்.