லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் மேற்படிப்பு: வீட்டை அடமானம் வைத்து அமெரிக்கா போகலாமா?

கேள்வி: எனக்கு 26 வயது. மதுரையில் பி.ஆர்க் முடித்துவிட்டு, சென்னையில் ஓர் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் மாதம் 38,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். கையில் 6 லட்சம் சேமிப்பு. அர்பன் டிசைன் (நகர வடிவமைப்பு) பக்கம் அழுத்தம் தரும் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் (பூங்கா, ஆற்றங்கரை போன்ற திறந்தவெளிகளின் வடிவமைப்பு) மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. அமெரிக்காவில் 2 ஆண்டுப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 60 லட்சம் கடன் வேண்டும், வங்கியில் 10.5% வட்டி சொல்கிறார்கள். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர், 57 வயது. சொந்த வீட்டை அடமானம் வைக்கத் தயார் என்கிறார். போகலாமா?
- ஒரு வாசகி, சென்னை

பதில்: படியுங்கள். ஆனால் இந்த 60 லட்சம் கடனை வாங்காதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். வங்கி 60 லட்சத்தை மொத்தமாகத் தராது. செமஸ்டருக்கு 15 லட்சம் என்று நான்கு தவணையில் அனுப்பும். படிக்கும் 2 ஆண்டும் அதற்கு மேல் 1 ஆண்டும் இஎம்ஐ கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனிவட்டியாகப் போட்டாலே 14 லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிடும். ஆக, கட்டத் தொடங்கும்போது கடன் 74 லட்சம். 10 ஆண்டில் அடைக்க மாதம் 1 லட்சம் ரூபாய். அந்த முதல் இஎம்ஐ எப்போது வருகிறது என்று பாருங்கள்: இன்னும் 3 ஆண்டில். அப்பாவுக்கு அப்போது 60 வயது, ஓய்வு பெறும் நேரம். நீங்கள் தடுமாறினால் வங்கி அவரிடம்தான் போகும்.

‘அங்கேயே வேலை கிடைத்துவிட்டால்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2023 ஜூலையில் லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சரை அமெரிக்க அரசு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் சேர்த்தது. அதனால் படிப்பு முடிந்ததும் வேலை பார்க்கக் கிடைக்கும் 12 மாத ஓபிடி அனுமதியை இன்னும் 24 மாதம் நீட்டிக்க வழி உண்டு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டத்தின் பெயரில் ‘அர்பன் டிசைன்’ என்று மட்டும் இருந்தால், அந்தப் படிப்பு வேறு குறியீட்டின் கீழ் வரலாம். அப்போது நீட்டிப்பு கிடைக்காமலும் போகலாம். மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தில், லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சருக்கான 04.0601 என்ற குறியீட்டு எண் வருமா என்று பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். அந்த 3 ஆண்டுக்குப் பிறகும் அங்கே வேலை பார்க்க எச்-1பி வேலை விசா வேண்டும், அது குலுக்கல். குலுக்கலை நம்பி வீட்டை அடமானம் வைக்க நான் யாருக்கும் சொல்வதில்லை.

வெளிநாட்டுப் படிப்புக்கு நான் பார்க்கும் அளவுகோல் ஒன்றுதான்: ஊருக்குத் திரும்பி வந்து, இங்கே வாங்கும் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குள் இஎம்ஐ அடங்குமா? திரும்பி வந்து 70,000 வாங்குகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். இஎம்ஐக்கு 23,000 ஒதுக்கலாம். அதே வட்டி, அதே 10 ஆண்டு, இஎம்ஐ தொடங்கும்வரை சேரும் வட்டியும் உண்டு என்றால் அது தாங்கும் கடன் சுமார் 14 லட்சம். உங்கள் சேமிப்பையும் சேர்த்தால் மொத்த பட்ஜெட் 20 லட்சம். இனி கல்லூரி தேடுவதை இந்த எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள்.

பி.ஆர்க் முடித்து கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்திருந்தால், இங்கே தொழில் செய்ய அதுவே போதும். லேண்ட்ஸ்கேப்புக்கு என்று தனி உரிமம் இந்தியாவில் இல்லை. மாஸ்டர்ஸ் உதவுவது வேறு இடத்தில்: பூங்கா, ஆற்றங்கரை, ஏரி சீரமைப்பு டெண்டர்களில் லேண்ட்ஸ்கேப் நிபுணர் என்று ஒருவரைக் காட்ட வேண்டிவரும், அவருக்கு அந்த முதுகலைப் பட்டம் கேட்பார்கள். எந்த நாட்டுப் பட்டம் என்பது அங்கே பெரிய பேச்சாக இருக்காது.

சரி, 20 லட்சத்தில் என்ன கிடைக்கும்? டெல்லி, போபால், விஜயவாடாவில் உள்ள மத்திய அரசின் எஸ்பிஏ (ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர்) மூன்றிலும் லேண்ட்ஸ்கேப் முதுகலை இருக்கிறது. டெல்லியிலும் போபாலிலும் அர்பன் டிசைன் தனித் துறையாகவே உண்டு. ஒரே வளாகம் என்பதால் அந்த ஆசிரியர்கள் மாணவர் வேலையை மதிப்பிடும் ஜூரியில் போய் உட்காரலாம். முதுகலைச் சேர்க்கைக்கான கேட் தேர்வில் ஆர்க்கிடெக்சர் தாளில் தகுதி பெற்றுச் சேர்ந்தால் மாதம் 12,400 உதவித்தொகை, 2 ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம். சென்னையிலேயே இருக்க வேண்டுமென்றால் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஸ்கூல் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் எம்.ஆர்க் லேண்ட்ஸ்கேப் இருக்கிறது. அகமதாபாத் செப்ட் பல்கலைக்கழகம் நல்ல இடம், ஆனால் அரசுக் கல்லூரிக் கட்டணத்தை எதிர்பார்க்காதீர்கள்.

வெளிநாடுதான் வேண்டும் என்றால் ஜெர்மனியைப் பாருங்கள். நூர்ட்டிங்கன், பெர்ன்பர்க் ஆகிய ஊர்களில் ஆங்கிலத்திலேயே லேண்ட்ஸ்கேப் மாஸ்டர்ஸ் நடக்கிறது. நூர்ட்டிங்கன் இருக்கும் மாநிலத்தில் நம்மவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம். விசாவுக்கு ஆண்டுக்கு 11,904 யூரோவை பிளாக்டு அக்கவுண்டில் (மாதாமாதம் ஓர் அளவுக்கு மட்டுமே எடுக்க முடியும் கணக்கு) காட்ட வேண்டும். யூரோ 100 ரூபாய் என்று போட்டால், 2 ஆண்டுச் சாப்பாடு, தங்கல், கட்டணம் சேர்த்து 30 லட்சத்தைத் தொடும். நம் பட்ஜெட்டைத் தாண்டுகிறது. பகுதிநேர வேலையில் மீதியை ஈடுகட்டலாம் என்று ஏஜென்ட் சொல்வார். ஸ்டூடியோ (வடிவமைப்புப் பயிற்சி வகுப்பு) படிப்பில் அது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். சப்மிஷன் வாரத்தில் தூங்கவே நேரம் இருக்காது, அப்புறம் எங்கே கடையில் நிற்பது? ஏ0 ஷீட் பிரிண்ட், மாடல் சாமான், ஸ்டூடியோ பயணம், ரைனோ என்ற 3டி வடிவமைப்பு மென்பொருள் ஓடும் அளவுக்கு ஒரு லேப்டாப் என்று செலவுகளும் இருக்கின்றன. கல்லூரிகள் தரும் செலவுப் பட்டியலில் இவற்றையும் தேடிப் பாருங்கள்.

எங்கே சேர்ந்தாலும், படிப்பின் பெயரில் ‘அர்பன்’ என்று இருப்பதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடைசி 2 ஆண்டு ஸ்டூடியோக்களில் மாணவர்கள் வடிவமைக்க எந்த மாதிரி இடங்களைக் கொடுத்தார்கள் என்று கேளுங்கள். சிங்கப்பூர் பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் 2.7 கி.மீ. கான்கிரீட் கால்வாயை வளைந்து ஓடும் ஆறாக மாற்றினார்களே, அந்த மாதிரி வெள்ளநீரும் தெருவும் பூங்காவும் ஒன்றாக வரும் வேலைதான் உங்களுக்கு வேண்டியது. கூவம், பள்ளிக்கரணை உள்ள ஊரில் அதற்கு வேலை இருக்கிறது. பங்களாத் தோட்டமும் ரிசார்ட்டும்தான் ஸ்டூடியோ என்றால், எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிச் சட்டத்தின் 80இ பிரிவில் வரிச்சலுகை உண்டே என்று யாராவது சொன்னால், அது பழைய வரி முறையில் மட்டும்தான். நீங்கள் வெளிநாட்டில் சம்பாதித்து, இங்கே வருமானமே இல்லையென்றால் பயனில்லை.

கிடைத்த இடத்தை இப்போதே உதறிவிட வேண்டாம். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன் துறைக்கு இரண்டு கேள்விகள் அனுப்புங்கள்: டீச்சிங் அசிஸ்டன்ட்ஷிப்பும் (பாடம் நடத்த உதவும் சம்பள வேலை) கட்டணத் தள்ளுபடியும் கிடைக்குமா? சேர்வதை ஓராண்டு தள்ளிப்போடலாமா? கட்டணம் முழுக்கத் தள்ளுபடியானால் கணக்கே வேறு, மறுபடி எழுதுங்கள். ஓராண்டு அவகாசம் மட்டும் கிடைத்தால் அதற்குள் கேட் எழுதிவிடலாம். தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரிலேயே வந்துவிடும்.