டிஸ்சார்ஜ் புக்கில் ஹவில்தார், பி.பி.ஓ.வில் நாயக்: எதைத் திருத்தக் கேட்பது?

கேள்வி: என் அப்பா 1967-ல் ராணுவத்தில் சேர்ந்து, 17 வருடம் பணியாற்றி, 1984 ஜூலை 31 அன்று ஓய்வு பெற்றார். 1971 போரில் பங்கேற்றவர். அவருடைய டிஸ்சார்ஜ் புக்கில் ரேங்க் 'ஹவில்தார்' என்று இருக்கிறது, பி.பி.ஓ.வில் (பென்ஷன் வழங்கும் உத்தரவில்) அதற்கு ஒரு படி கீழான 'நாயக்' என்று போட்டிருக்கிறார்கள். ஒரு அதிகாரிக்கு அப்பாவைப் பிடிக்காமல் போனதால் பதவி உயர்வு பல வருடம் தள்ளிப்போய், ஓய்வுக்கு முந்தைய தீபாவளி சமயத்தில்தான் மூன்றாவது பட்டை, அதாவது ஹவில்தார் ரேங்க், கிடைத்ததாம். நாற்பது வருடமாக நாயக் பென்ஷன்தான் வருகிறது. அடுத்த தெருவில் அவருக்குப் பிறகு சேர்ந்தவர் ஹவில்தார் பென்ஷன் வாங்குகிறார். இது பற்றிக் கேட்கப் போன இடத்தில் அப்பாவை உட்காரக்கூடச் சொல்லவில்லை. இப்போது 77 வயது. ரேங்கைத் திருத்தி, முழு நிலுவையையும் வாங்கித்தர வேண்டும். எழுதிய மனுவையும் டிஸ்சார்ஜ் புக் பக்கங்களின் போட்டோவையும் இணைத்திருக்கிறேன்.
- ஒரு வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். அதில் மூன்றரைப் பக்கம் உங்கள் அப்பாவுக்கு நடந்த அநியாயம். நான் அதை நம்புகிறேன். ஆனால் அந்த மூன்றரைப் பக்கமும் வழக்குக்கு உதவாது. வழக்கைத் தீர்மானிக்கப் போவது நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி: மூன்றாவது பட்டை ஓய்வுக்கு முந்தைய தீபாவளி சமயத்தில்தான் கிடைத்தது.

1983-ல் தீபாவளி நவம்பர் முதல் வாரத்தில் வந்தது. அங்கிருந்து 1984 ஜூலை 31 வரை எண்ணிப் பாருங்கள். ஒன்பது மாதம்கூட முழுதாக வராது. அந்தக் காலத்தில் ஓய்வு பெற்ற ஜவான்களுக்கு, கடைசி 10 மாதம் தொடர்ந்து எந்த ரேங்கில் இருந்தார்களோ அந்த ரேங்குக்குத்தான் பென்ஷன். ஹவில்தாராக 10 மாதம் முடியவில்லை என்றால் நாயக் பென்ஷன்தான். அதாவது டிஸ்சார்ஜ் புக்கில் 'ஹவில்தார்' என்று இருப்பதும் சரி, பி.பி.ஓ.வில் 'நாயக்' என்று இருப்பதும் சரி, இரண்டுமே உண்மையாக இருக்கலாம். முன்னது எந்த ரேங்கோடு வீட்டுக்கு வந்தார் என்பதைச் சொல்கிறது. பின்னது எந்த ரேங்கை வைத்துப் பென்ஷன் கணக்கிட்டார்கள் என்பதைச் சொல்கிறது. நாற்பது வருடமாக நீங்கள் பிழை என்று நினைத்துக்கொண்டிருப்பது பிழையே இல்லாமல் போகலாம்.

'போகலாம்' என்றுதான் சொல்கிறேன். அப்பா சொல்லும் தீபாவளி அதற்கும் முந்தைய வருடத்து தீபாவளியாக இருந்துவிட்டால் கதை தலைகீழாக மாறிவிடும். இருபது மாதம் ஹவில்தாராக இருந்தவருக்கு நாயக் பென்ஷன் போட்டது அப்பட்டமான தவறு, திருத்தியே ஆக வேண்டும். எனவே உங்களுக்கு முதலில் வேண்டியது ஒரே ஒரு தாள்: அவர் ஹவில்தாரானதை ராணுவத்தில் பதிவு செய்து அறிவித்த உத்தரவு, அதாவது பார்ட் டூ ஆர்டர். அதில் இரண்டு விஷயம் பாருங்கள். எந்தத் தேதியிலிருந்து? நிரந்தர ரேங்கா, தற்காலிகமான 'ஆக்டிங்' ரேங்கா? ஆக்டிங் என்றால் அந்த ரேங்குக்கான சம்பளம் கொடுத்தார்களா? அந்தத் தாள் கையில் வரும்வரை ரேங்க் பற்றி யாருக்கும் மனு அனுப்பாதீர்கள்.

அந்தத் தாளுக்காக ஆர்.டி.ஐ. போடுவது, வீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ராணுவ ரெக்கார்ட் ஆபீஸுக்கு மனு, அவர்கள் மறுத்தால் ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப் படைத் தீர்ப்பாயம், இந்த வழியெல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டாலும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல நினைப்பது, அந்த வழியில் போனவர்கள் எங்கே விழுந்தார்கள் என்பதைத்தான்.

முதல் குழி உங்கள் மனுவிலேயே இருக்கிறது. 'எனக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய ஹவில்தார் ரேங்கை வழங்குமாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். 'வழங்குமாறு' என்றால் புதிதாகக் கொடு என்று அர்த்தம். அது பதவி உயர்வுக் கோரிக்கை. உங்கள் அப்பாவோ அந்த ரேங்கை வாங்கி, அதைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவர். கையில் இருந்த ஒன்றை 'கொடு' என்று கேட்டால், இல்லை என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

இது வெறும் வார்த்தைச் சண்டை இல்லை. தர்சேம் சிங் வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு இங்கேதான் ஓடுகிறது. மருத்துவக் காரணத்தால் 1983-ல் ராணுவத்தை விட்டு வெளியேறியவர் 1999-ல்தான் நீதிமன்றத்துக்குப் போனார். பென்ஷன் குறைவு என்பது மாதாமாதம் தொடரும் தவறு, அதனால் தாமதம் தடையில்லை என்று நீதிமன்றம் ஏற்றது. ஆனால் நிலுவையை வழக்குப் போடுவதற்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கட்டிவிட்டது. அதே தீர்ப்பில், பதவி உயர்வு, சீனியாரிட்டி மாதிரி மற்றவர்களையும் பாதிக்கும் விஷயங்களில் தாமதம் வழக்கையே கொன்றுவிடும் என்றும் சொல்லிவிட்டது. அதிகாரிக்குப் பிடிக்கவில்லை, ஐந்து வருடம் முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் உங்கள் வழக்கைக் கோட்டின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குத் தள்ளுகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் வேறு எதையும் வாசிக்க மாட்டார், அந்த வரிகளைத்தான் வாசிப்பார்.

மனு போட்டால் பதில் வரும், பதில் வந்தால் கெடு புதிதாக ஆரம்பிக்கும் என்று பலர் நம்புகிறார்கள். பழைய கோரிக்கைக்கு இப்போது ஒரு பதில் வாங்கிவிட்டால் செத்த வழக்கு உயிர்பெற்று விடாது. 2008-ல் வந்த சி. ஜேக்கப் வழக்கு நம் மாநிலத்துக் கனிமவளத் துறை ஊழியருடையதுதான். 1982-ல் வேலை போனதற்கு 2000-த்தில் மனு போட்டார். உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மாதாமாதம் தொடரும் பென்ஷன் குறைவாக உங்கள் வழக்கு நிற்கும்வரை இந்த அபாயம் இல்லை. பதவி உயர்வு வழக்காக மாறிய நிமிடமே வந்துவிடும்.

இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரியது. நீங்கள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தில் பெயர், நம்பர், சேர்ந்த தேதி எல்லாமே பழைய மையில், பழுப்பாக மங்கியிருக்கின்றன. ரேங்க் கட்டத்தில் மட்டும் 'எச்', 'ஏ', 'வி' ஆகிய ஆங்கில எழுத்துகளின் மேல் நீல பால்பாயிண்ட் ஓடியிருக்கிறது. 'வி'யின் ஒரு கோடு பழைய கோட்டை விட்டு விலகி நிற்கிறது. அடியில் இருப்பதும் ஹவில்தார்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மங்கிப்போகிறதே என்று வீட்டில் யாரோ, ஒருவேளை அப்பாவே, மேலே எழுதியிருப்பார். நல்ல எண்ணத்தில் செய்ததாகத்தான் இருக்கும். ஆனால் சர்ச்சையே ரேங்க் பற்றியது, கைவைத்திருப்பதும் ரேங்க் கட்டத்தில். பார்ப்பவர் வேறு என்ன நினைப்பார்?

இதே மாதிரி ஒரு வழக்கு என்னிடம் வந்தது. ஊர் பெயர் வேண்டாம். மகன் பழைய எழுத்தின் மேலேயே எழுதியிருந்தார். என்னிடம் கொடுத்தது ஜெராக்ஸ். ஜெராக்ஸில் நீலமும் பழுப்பும் ஒரே கறுப்புதான். அசலைக் கேட்டு வாங்கிப் பார்க்காதது என் தவறு, இன்றும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. தீர்ப்பாயத்தில் அசலைக் காட்டச் சொன்னார்கள். காட்டினோம். அன்றிலிருந்து பென்ஷன் பேச்சு நின்றது. யார் எழுதினார், எப்போது எழுதினார், எதற்கு எழுதினார் என்பதுதான் வழக்கானது. திருத்திய ஆவணத்தை உண்மையென்று தாக்கல் செய்தார் என்ற குற்றச்சாட்டு வந்துவிடுமோ என்று பயந்து, வருத்தம் தெரிவித்து வழக்கை வாபஸ் வாங்கினோம். அப்புறம் ஆர்.டி.ஐ.யில் கிடைத்த ஷீட் ரோலில் (ராணுவம் வைத்திருக்கும் பணிப் பதிவேட்டில்) அவர் சொன்ன ரேங்க்தான் இருந்தது! கேட்டது நியாயமான ரேங்க். திரும்ப மனு போட்டு, உத்தரவு வருவதற்குள் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

அதனால் இப்போதே செய்ய வேண்டியது: அந்தப் புக்கில் இனி யாரும் எதுவும் எழுத வேண்டாம். எழுதியதை அழிக்கவும் வேண்டாம். முக்கியமாக, லேமினேஷன் செய்துவிடாதீர்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று நம் ஊரில் எல்லோரும் செய்யும் காரியம் அது. மையைப் பரிசோதிக்க வேண்டிய நிலை வந்தால் உங்கள் பக்கத்து உண்மையையும் அது மூடிவிடும். ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வையுங்கள். உங்கள் கோரிக்கையை இந்தப் புக்கின் மேல் நிறுத்தாதீர்கள். ரெக்கார்ட் ஆபீஸ் வைத்திருக்கும் ஷீட் ரோல், பார்ட் டூ ஆர்டர், ஓய்வின்போது தயாரித்த கடைசிச் சம்பளச் சான்று, இவற்றின் சான்றிட்ட நகல்களின் மேல் நிறுத்துங்கள். எங்காவது புக்கின் நகலை இணைத்தே தீர வேண்டும் என்றால், மங்கிய எழுத்தின் மேல் வீட்டில் திரும்ப எழுதப்பட்டிருக்கிறது என்று மனுவிலேயே ஒரு வரி சொல்லிவிடுங்கள். நீங்களே சொன்னால் அது விளக்கம். அவர்கள் கண்டுபிடித்தால் குற்றச்சாட்டு.

அடுத்த தெருக்காரரோடு ஒப்பிடுவதை விட்டுவிடுங்கள். ஒரே ரேங்க், ஒரே பென்ஷன் திட்டத்தில்கூட ரேங்க், குரூப், சேவை வருடம் மூன்றும் ஒத்துப்போனால்தான் தொகை ஒத்துப்போகும். இன்னொன்று, இதே மாதிரி எழுதும் மற்ற வாசகர்களுக்காக: பதவி உயர்வு கிடைக்காதவர்களுக்குச் சம்பளத்தை மட்டும் உயர்த்தும் எம்.ஏ.சி.பி. திட்டத்தில் ஹவில்தார் சம்பளம் வாங்கியவர் ஹவில்தார் ஆகிவிட மாட்டார். அது சம்பள உயர்வு, ரேங்க் இல்லை. அந்தச் சம்பளச் சீட்டை வைத்து ரேங்க் திருத்தம் கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்புகிறேன்.

சரி, பார்ட் டூ ஆர்டர் வந்த பிறகு என்ன செய்வது?

10 மாதம் முடிந்திருந்தால், பென்ஷனுக்கான ரேங்கைத் திருத்தி புதிய பி.பி.ஓ. வழங்கக் கேளுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். போர், அதிகாரி, உட்காரச் சொல்லாதது எதுவும் அதில் வேண்டாம். அவர்கள் திருத்திக்கொடுத்து மூன்று வருட நிலுவை மட்டும் தந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். நாற்பது வருட நிலுவைக்காகத் தீர்ப்பாயம் போகாதீர்கள். தர்சேம் சிங் தீர்ப்பு இருக்கும்வரை அந்தக் கதவு திறப்பது கடினம். முழுதும் வாங்கித் தருகிறேன், வருவதில் பங்கு கொடுங்கள் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். வழக்கறிஞர் அப்படிப் பங்கு பேசுவது பார் கவுன்சில் விதிக்கே விரோதம்.

10 மாதம் முடியவில்லை என்றால் ரேங்க் திருத்த வழக்கே கிடையாது. விட்டுவிடுங்கள். பிற்காலத்தில் இந்தக் கணக்கு மாறியது உண்மைதான். 2006 ஜனவரிக்குப் பிறகு ஓய்வு பெற்றவர்களுக்குக் கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்தும் பென்ஷன் போடுகிறார்கள். அந்தத் தளர்வு பழையவர்களுக்கும் வேண்டும் என்று வாதாட இடமுண்டு. ஆனால் அது பென்ஷன் கணக்கு பற்றிய வேறு வழக்கு. உங்கள் அப்பாவின் வயதில் அதைத் தொடங்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த மனசையும் உழைப்பையும் இன்னொரு வேலையில் போடுங்கள். உங்கள் போட்டோவில் நான் பார்த்த இன்னொன்று: டிஸ்சார்ஜ் புக்கில் அம்மாவின் பெயர் 'லட்சுமி'. உங்கள் கடிதத்தில் 'முத்துலட்சுமி' என்கிறீர்கள். ஆதாரிலும் அப்படித்தான் இருக்கும். பி.பி.ஓ.வில் அம்மா பெயர் ஏறியிருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியுமா? 1980-களில் ஓய்வு பெற்றவர்களின் பி.பி.ஓ.க்களில் மனைவி பெயரே இல்லாததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்பா இருக்கும்போது அவர் கையெழுத்தோடு இதைச் சரிசெய்வது சில மாத வேலை. அவருக்குப் பிறகு என்றால், நாற்பது வருடம் குடும்பம் நடத்திய அம்மா, தான்தான் மனைவி என்று சான்றிதழ் சான்றிதழாக நிரூபித்துக்கொண்டு, குடும்ப பென்ஷன் இல்லாமல் மாதக்கணக்கில் அலைய வேண்டும். ரேங்க் வித்தியாசத்தில் வருவது பென்ஷனில் ஒரு பகுதி. இது முழு குடும்ப பென்ஷன். ரேங்க் மனுவுக்கு முன்னால் இந்த மனு போகட்டும், இரண்டையும் ஒரே காகிதத்தில் எழுதாதீர்கள்; ஒன்று மாட்டிக்கொண்டால் மற்றதும் மாட்டிக்கொள்ளும்.

அப்பாவுக்குப் பணத்தைவிட அந்த ஹவில்தார் என்ற பெயர்தான் முக்கியம் என்று உங்கள் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். ஆர்டர் எந்தத் தேதியைச் சொன்னாலும், கடைசியாக வகித்த ரேங்கைக் குறிப்பிட்டு ஒரு சேவைச் சான்று தரும்படி ரெக்கார்ட் ஆபீஸைக் கேளுங்கள். 10 மாத விதி பென்ஷனுக்குத்தான். அவர் வகித்த ரேங்கை அது தொடாது. பார்ட் டூ ஆர்டரின் நகல் வந்ததும், முதல் பக்கத்தை மட்டும் எனக்கு அனுப்புங்கள்.