என்ட்ரோபி வகுப்பென்றால் ஏன் இந்தப் பதற்றம்?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். பி.எச்டி. முடித்தவள்தான். ஆனாலும் இரண்டாம் ஆண்டுக்கு என்ட்ரோபி (எளிதாகச் சொன்னால், ஒழுங்கின்மையின் அளவு) எடுக்கும்போது யாராவது கேள்வி கேட்டுவிடுவார்களோ என்று படபடப்பாக இருக்கிறது. இன்னும் படிக்க வேண்டுமா, தைரியத்தை வளர்க்க வேண்டுமா?

பதில்: படித்தது போதும். பாடம் தெரிவது ஒன்று, அது மாணவர்களுக்கு எங்கே இடறும், எந்த உதாரணம் சொன்னால் பிடிபடும் என்று தெரிவது இன்னொன்று. 1986இல் அமெரிக்கக் கல்வியியலாளர் லீ ஷுல்மன் இந்த இரண்டாவதற்குத் தனியாக ஒரு பெயரே வைத்தார். பி.எச்டி. ஆய்வில் அது கிடைக்காது, வகுப்பில்தான் கிடைக்கும். ஆனால் பயம் அந்த வழியையே அடைத்துவிடுகிறது. படபடப்பு வந்ததும் போர்டுப் பக்கம் திரும்பி டெரிவேஷன் போட ஆரம்பித்துவிடுவோம், அதை நிறுத்தி யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், மணி அடிக்கும்வரை பிழைத்தோம். கேள்வியே வராததால் அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது நமக்குத் தெரியாது, அடுத்த வருடமும் அதே பயம்.

அந்தக் கேள்விகள் ஒன்றும் வானத்திலிருந்து குதிப்பவை அல்ல. "என்ட்ரோபி கூடத்தான் செய்யும் என்றீர்களே மேடம், அப்புறம் ஃப்ரீசரில் தண்ணீர் எப்படி உறைகிறது?" இது கட்டாயம் வரும். கணக்கைப் போட்டே காட்டுங்கள். 0 டிகிரியில், அதாவது 273 கெல்வினில், 1 கிராம் தண்ணீர் உறையும்போது 334 ஜூல் வெப்பத்தை வெளியே விடுகிறது. வெப்பத்தை வெப்பநிலையால், அதாவது 334ஐ 273ஆல், வகுத்தால் தண்ணீரின் என்ட்ரோபி சுமார் 1.22 ஜூல்/கெல்வின் குறைகிறது. அதே வெப்பம் 255 கெல்வினில் இருக்கும் ஃப்ரீசருக்குள் போகும்போது அங்கே 1.31 கூடுகிறது. நிகரமாக 0.09 கூடுதல்தான். பையன் தண்ணீரை மட்டும் பார்க்கிறான், என்ட்ரோபி கூடும் என்கிற வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியோ சுற்றுப்புறத்தையும் சேர்த்துப் பேசுகிறது, இடறல் அங்கேதான்.

சரி, மற்ற இடறல்களை எப்படிப் பிடிப்பது? கடைசி ஐந்து நிமிடம் பெயர் போடாமல் சந்தேகத்தைத் துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். யோசிக்க மறுநாள் வரை உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். நேரில் கேட்டுத் தெரியாவிட்டால் "நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம், மறக்காமல் சொல்லியும் விட வேண்டும்.

அனுபவம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நம்பாதீர்கள். எங்கே இடறும் என்று அத்துப்படியாகத் தெரிந்த சீனியர்களே "இதுகூடவா தெரியாது?" என்று எரிந்துவிழுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன்பிறகு அந்த வகுப்பில் எவன் வாயைத் திறப்பான்?

மொத்த சிலபஸையும் இப்போதே மாற்றப் போக வேண்டாம். இந்த செமஸ்டரில் என்ட்ரோபி யூனிட்டுக்கு மட்டும் செய்து பாருங்கள், சீட்டுகளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள், அடுத்த வருடம் பாடத்தை அவற்றிலிருந்தே தொடங்கலாம்.